கை உயர்த்தச் சொன்னவர்

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே அது தேவையில்லை. ஓல்டன் நகரத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரை மெம்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே மெம்பர் அண்ணை, முதுகுக்குப் பின்னால் வெறும் மெம்பர். யாரோ கேலியாகத் தொடங்கி வைத்தது. அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் நின்று, முழுதாகத் திரும்பி, "சொல்லுங்கோ" என்பார். மனுக் கொண்டுவந்த ஆளைப் பார்ப்பது போல இருக்கும்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் கிடங்கு. சப்பாத்துப் பெட்டிகளைப் பிரித்து லொறிகளுக்கு ஏற்றும் வேலை. அங்கேதான் அவரை முதலில் கண்டேன். அதற்கு முன்னால் நான் மாஸ்கோவுக்கு வெளியே ஒரு குளிர்காலம் ஒளித்திருந்தேன், இத்தாலியில் தக்காளி பிடுங்கினேன், ஓர்லிகோனில் ஒரு சாப்பாட்டுக்கடையின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் கால் நிற்காது. அவரோடு மட்டும் நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் நாள் தேநீர் இடைவேளை. சின்ன அறை, ஒரு ஜன்னல், பல நாட்டு ஆட்கள். போர்த்துக்கல்காரன் ஒருவன் ஜன்னலைத் திறந்தான். எரித்திரியாக்காரன் எழும்பி அதைப் பூட்டினான். மறுபடி திறப்பு, மறுபடி பூட்டு. சண்டை வரப்போகிறது என்று நான் என் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். இவர் எழும்பி நின்றார். கட்டையான ஆள், அயர்ன் பண்ணிய சேட், வேலை உடுப்புக்கு மேலே அதன் கொலர் தெரியும்.

"ஒரு முடிவுக்கு வருவோம்" என்றார் ஜெர்மன் மொழியில். "ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே உயர்த்தினார்கள். அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்து எண்ணினார். பிறகு எதிரான கைகளைக் கேட்டார். எரித்திரியாக்காரனுடைய கை மட்டும். "தீர்மானம் நிறைவேறியது" என்று சொல்லிவிட்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த தன்னுடைய கதிரையை இழுத்து அந்த எரித்திரியாக்காரனுக்குக் கொடுத்தார். தான் ஜன்னலடியில் போய் நின்றுகொண்டு தேநீர் குடித்தார்.

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது அந்தக் கதிரைக்காகத்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியா கோழியா, தொலைக்காட்சியில் எந்த விளையாட்டு, வாசலில் யார் பனி தள்ளுவது, எல்லாவற்றுக்கும் கை உயர்த்த வேண்டும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தாலும் விடமாட்டார்.

"அண்ணை, நான் ஒரு கை, நீங்கள் ஒரு கை. இதில என்னத்தை எண்ணப் போறியள்?"

"தலைவருக்கு வாக்கில்லை, தம்பி. உன்ரை கை மட்டும்தான். நீயே முடிவெடு."

"அப்ப கோழி."

"ஏகமனதாக" என்பார், மிகவும் சீரியஸாக. பிறகு போய்க் கோழி வெட்டுவார்.

அவரும் நானும் இன்னும் மூன்று பேரும் ஓல்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அதில் ஒருவன் குடித்துவிட்டுக் கண்ணாடிகளை உடைப்பான். நல்லவன்தான், வெறி ஏறினால் மட்டும் ஆள் மாறிவிடுவான். ஒரு மாசி மாதம் குளியலறைக் கதவை உடைத்தான். வீட்டுக்காரன் எல்லோரையும் எழும்பச் சொல்லப் போகிறான் என்று பயம் வந்தது. மெம்பர் எங்களைக் குசினிக்குள் கூப்பிட்டார். அவனையும் கூப்பிட்டு இருத்தினார்.

"இவர் இந்த வீட்டை விட்டுப் போகவேணும் எண்டு ஒரு பிரேரணை இருக்கு. ஆதரிக்கிறவை?"

அவன் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் கையை உயர்த்தினோம். அவனே தலையை ஆட்டினான், சரிதான் என்பது போல. அடுத்த நாள் காலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெம்பர் அவனுடைய பையைத் தன் தோளில் போட்டு ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோனார். திரும்பி வரும்போது உடம்பில் ஜக்கெட் இல்லை. அவனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் சேட்டோடு நடந்து வந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏன் அண்ணை, அவ்வளவு இரக்கமெண்டால் நிப்பாட்டியிருக்கலாமே. உங்கடை சொல்லை ஆர் தட்டப் போகினம்?"

"நான் ஆர் நிப்பாட்ட? நீங்கள்தானே முடிவெடுத்தது."

அந்தப் பதில் எனக்கு அன்று முழுக்கச் செரிக்கவில்லை. பிழை என்று சொல்லவும் முடியவில்லை.

அவர் உண்மையிலேயே மெம்பராக இருந்தவர். இதை நான் ஒன்றாகக் கேட்டதில்லை. ரயிலில் கொஞ்சம், பெட்டி அடுக்கும்போது கொஞ்சம் என்று வந்தது. இளம் வயதில் ஒரு சின்ன இயக்கத்தில் சேர்ந்தார். இப்போது அதன் பெயர் சொன்னால் பாதிப்பேருக்குத் தெரியாது. ஒரு பிரதேசத்துக்குப் பொறுப்பாளராக, ஏழெட்டுப் பெடியளோடு ஒரு தோட்டத்து வீட்டில் முகாம் வைத்திருந்தார். பிறகு எங்கள் பக்கத்துக்கென்று ஒரு மாகாண சபை வந்தது. இயக்கம் துவக்கைக் கீழே வைத்து உடுப்பை மாற்றச் சொன்னது. இவர் வெள்ளை சேட் போட்டு, ஒரு கடற்கரை நகரத்து மண்டபத்தில் கதிரையில் போய் இருந்தார். சில மாதங்கள்தான். சபையும் போய், இயக்கமும் சிதறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அங்க ஒரு பிரேரணை கொண்டுவந்தனான்" என்பார். "எங்கடை பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு பஸ். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. ஆஸ்பத்திரிக்குப் போற சனத்துக்கு. ஏகமனதாக நிறைவேறினது."

"பஸ் ஓடினதோ?"

"இல்லை."

"ஒரு நாளும்?"

"ரோட்டில கண்ணிவெடி, தம்பி. பஸ் எப்பிடி ஓடும்?"

அவரைச் சிரிக்கவைத்த கதை அதுதான். சிரிக்கவைக்காத கதை வேறு. அந்தச் சபைக்கு அவருடைய பக்கத்தில் தேர்தல் நடக்கவேயில்லை. எதிர்த்து நிற்க யாருக்கும் துணிவு வரவில்லை. ஒரு பெட்டிகூட வைக்கவில்லை. போட்டியின்றித் தெரிவு என்று வானொலியில் பெயரை வாசித்தார்கள்.

"என்னைத் தெரிவுசெய்தது ஆர் எண்டு எனக்குத் தெரியாது" என்றார் ஒருநாள். "எனக்காக ஒருத்தரும் ஒரு புள்ளடி போட்டதில்லை. ஒரு கை உயர்த்தினதில்லை. நான் மெம்பர். ஆரின்ரை மெம்பர்?"

அதைச் சொல்லும்போது அவர் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

பிறகு கிடங்கில் அவருக்கு முதுகு விட்டுப்போனது. ஜூரா மலைச்சரிவில், ஓல்டனிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு கிராமத்தில், முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை கிடைத்தது. ஒரு அறையும் கொடுத்தார்கள். சாப்பிட மாட்டாத கிழவிகளுக்கு ஊட்டுவதும் அவர் வேலையாகிவிட்டது. பொறுமையான கை. கரண்டியை வாயருகே பிடித்தபடி "சூப்பா, உருளைக்கிழங்கா?" என்று கேட்டுக் காத்திருப்பாராம். அங்கேயும் வாக்கெடுப்புத்தான்.

அந்தக் கிராமத்தில்தான் அவருக்கு அந்த ஆசை வந்தது. பிரஜாவுரிமை எடுக்கவேண்டும். மற்றவர்கள் பாஸ்போர்ட்டுக்காக எடுப்பார்கள், ஊருக்குப் போய்வர, பிள்ளைகளின் படிப்புக்கு. இவருக்குப் பிள்ளைகள் இல்லை, மனுசி எப்போதோ கனடாவில் வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டாள். ஊருக்குப் போக அவருக்கு முகமில்லை. பென்ஷனுக்கு இரண்டு மூன்று வருடம் இருந்தது. இந்த வயதில் எதற்கு என்று எல்லோரும் கேட்டோம்.

விஷயம் இதுதான். அந்தக் கிராமத்தில் வெளிநாட்டவருக்குப் பிரஜாவுரிமை கொடுப்பதை ஊர்க்கூட்டம் தீர்மானிக்கும். வாக்குள்ள சனம் எல்லாம் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கூடி, ஆளைப் பார்த்து, கை உயர்த்தும்.

"அண்ணை, விசர் வேலை பாக்காதையுங்கோ" என்றேன். "பக்கத்து டவுணுக்கு வீடு மாறுங்கோ. அங்க ஒரு கமிஷன் மட்டும்தான். நாலு கேள்வி கேட்டுட்டுத் தந்திடும்."

"கமிஷன் தந்தால் அது நியமனம், தம்பி. நான் ஒருக்கால் நியமனத்தில இருந்து பாத்தனான். எனக்குக் கை வேணும்."

அந்த ஆசையைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருடம் வின்டர்தூரில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். மண்டபம் நிறையச் சனம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"உம்மோடை வந்தவர் எங்கடை பக்கத்துப் பொறுப்பாளரா இருந்தவரோ?"

ஓம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யோசிக்க நேரமில்லை.

"என்ரை தம்பியை இவரின்ரை ஆக்கள்தான் பிடிச்சுக்கொண்டு போனவை. ஆமிக்குத் தகவல் சொன்னதெண்டு. அவன் ஆமிக்காரருக்குத் தேங்காய் வித்தவன். அவ்வளவுதான். மூண்டாம் நாள் சந்தியில போட்டிருந்தாங்கள்." குரலை உயர்த்தவேயில்லை. "எல்லாரும் கை உயர்த்தி முடிவெடுத்ததாம் எண்டு அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினவங்கள். அம்மா சாகும்வரைக்கும் ஒண்டைத்தான் கேட்டவ. அதில ஒரு தாய் பெத்த பிள்ளையும் இல்லையோ எண்டு."

பிறகு, போகத் திரும்பியவர் நின்று சொன்னார்: "அவன்ரை உடம்பில வேறை ஆரின்ரையோ சேட் கிடந்தது. தோய்ச்சு அயர்ன் பண்ணின சேட். அது ஏன் எண்டு இண்டு வரைக்கும் எங்களுக்கு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. அவர் விட்டுக்கொடுத்த ஹீட்டரடிக் கதிரையும், பனியில் வெறும் சேட்டோடு நடந்து வந்ததும் சேர்ந்து விளங்கியது. சாப்பிடாமல் வெளியே போனேன். அவர் கார் நிறுத்துமிடத்தில் நின்றார். வரும் வழியில், ரயிலில், நான் கேட்காமலே சொன்னார்.

"நான் சுடச்சொல்லேல்லை, தம்பி. மற்ற முகாமுகளில பொறுப்பாளர் ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது. நான் அப்பிடிச் செய்யேல்லை. எல்லாரையும் இருத்தி, கை உயர்த்தச் சொன்னனான். நான் வாக்குப் போடேல்லை."

"ஒருத்தரும் எதிர்க்கேல்லையோ?"

"ஏகமனதாக" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அதற்குப் பிறகும் நான் அவரோடு பழகினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு வேறு ஆட்கள் இருக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

விண்ணப்பம் போனது. மொழிப் பரீட்சை பாஸ். பொலிஸ் பதிவு சுத்தம். ஊர்க் கமிஷன் இரண்டு தரம் கூப்பிட்டுக் கதைத்து, நல்ல ஆள் என்று சிபாரிசும் செய்துவிட்டது. பழைய சபையில் உறுப்பினராக இருந்தவர் என்று கேட்டதும் அவர்களுக்குச் சந்தோஷமாம். கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழும்பித் தன்னைப் பற்றி நாலு வசனம் சொல்லவேண்டும். அது ஒரு சடங்கு. அதற்காக ஒரு ஞாயிறு முழுக்க அவருடைய அறையில் இருந்து பயிற்சி எடுத்தோம்.

"முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன், மலையில நடக்கப் பிடிக்கும், இந்த ஊரின்ரை அமைதி பிடிக்கும். அவ்வளவுதான் அண்ணை. இயக்கக் கதை வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"ஏன் வேண்டாமோ?"

"இஞ்ச பார். ஊர்த் தலைவர் ஆர்? தச்சுப்பட்டறை வைச்சிருக்கிறார். ஆமியில கப்டன். அவரின்ரை துவக்கு வீட்டு அலுமாரிக்குள்ள இருக்கு, வருசா வருசம் பயிற்சிக்குப் போறார், பின்னேரத்தில வந்து சபையை நடத்துறார். இஞ்ச முக்கால்வாசி ஆம்பிளையள் அப்பிடித்தான். துவக்குப் பிடிச்சவையே சபையிலயும் இருக்கினம். என்னை விளங்கிக்கொள்ளக்கூடிய சனம் உலகத்தில இருந்தால் இந்தச் சனம்தான்."

"அவை அந்தத் துவக்கால ஒருத்தரையும் சுடேல்லை அண்ணை."

"மறைச்சு வாங்கினால் அது எனக்கு விழுந்த கை இல்லை" என்றார். "வேறை ஆருக்கோ விழுந்த கை."

கடைசியில், கேட்டால் ஒழியச் சொல்வதில்லை என்று ஒத்துக்கொண்டார். யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

கார்த்திகை மாதத்துப் பின்னேரம். விளையாட்டு மண்டபத்தில் ஏறிப் பழகும் கயிறுகளைச் சுவரோடு கட்டி, கதிரைகள் போட்டிருந்தார்கள். வாக்கில்லாதவர்களுக்குச் சுவரோரமாகத் தனி வரிசை. நான் அதில் இருந்தேன். மெம்பர் என் பக்கத்தில், கறுப்புக் கோட், நீலக் கழுத்துப்பட்டி. முதலில் கழிவுநீர்க் குழாய்க்கு வாக்கெடுத்தார்கள். பிறகு பள்ளிக்கூடக் கூரைக்கு. எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக நடந்து கைகளை எண்ணினார்கள்.

"பார், பார்" என்று என் தொடையில் தட்டினார். "எவ்வளவு ஒழுங்கு. ஒரு கையைக்கூட விடாமல்." அவருடைய கண் ஈரமாக இருந்தது. கூரைக்காகக் கண் கலங்கிய ஒரே ஆள் அங்கே அவர்தான்.

முதலில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஒரு பல் வைத்தியர். நாலு வசனம், ஒரு பகிடி, சிரிப்பு. அடுத்தது இவர்.

எழும்பி நின்றார். முதியோர் இல்லத்தைச் சொன்னார், மலையைச் சொன்னார். அங்கங்கே தலைகள் ஆடின. பலருடைய தாய் தகப்பனுக்கு ஊட்டியவர். அத்தோடு இருந்திருக்கலாம். "என் நாட்டில் நான் முதலில் ஆயுதக் குழு ஒன்றில் பொறுப்பாளராக இருந்தேன், பிறகு ஒரு சபையில் உறுப்பினராக இருந்தேன்" என்று ஐந்தாவதாக ஒரு வசனம் சேர்த்தார். யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் ஒரு கிழவி கை உயர்த்தினார். நரைத்த மயிரைக் கட்டையாக வெட்டிய, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். அந்த ஊரில் பாதிப்பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவராம்.

"ஒரு கேள்வி. பொறுப்பாளர் என்றால், உங்கள் பொறுப்பில் யாராவது இறந்தார்களா?"

கூட்டத்தை நடத்திய கப்டன் குறுக்கிட்டார். "இதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை."

"சொல்கிறேன்" என்றார் மெம்பர்.

நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"ஒருவர் இறந்தார். எங்களைக் காட்டிக்கொடுத்ததாகச் சொன்னார்கள். நான் தனியாக முடிவெடுக்கவில்லை. என் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு வாக்கெடுத்தேன். கை உயர்த்தினார்கள். ஏகமனதாக முடிவானது."

அந்தச் சொல்லை ஜெர்மன் மொழியில் மிகவும் திருத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் பயமில்லை. இவர்களுக்கு விளங்கும் என்று நம்பிக்கொண்டு நின்றார். கை உயர்த்தியே எல்லாம் செய்யும் சனம், தன்னை அடையாளம் கண்டுகொள்ளும் என்று.

கப்டன் நன்றி சொல்லிவிட்டு வாக்கெடுப்பை அறிவித்தார்.

வாக்கெடுப்பின்போது விண்ணப்பித்தவர் உள்ளே இருக்கக்கூடாது. அவரை வெளியே அனுப்பினார்கள். கதவு சாத்தியதும் ஒரு நடுத்தர வயதுக்காரர் எழும்பினார். கோபமாகக் கதைக்கவில்லை.

"என் அம்மாவின் கடைசி மாதங்களில் இந்த மனிதர்தான் அவருக்கு ஊட்டினார். அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் இப்போது அவர் சொன்னதில் அந்த இறந்த ஆளுக்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. வருத்தம் என்ற சொல் இருக்கவில்லை. வாக்கெடுத்தோம் என்கிறார். கை உயர்த்தியதால் அது சரியாகிவிடும் என்று எண்ணும் ஒருவரோடு சேர்ந்து நான் இந்த மண்டபத்தில் கை உயர்த்த விரும்பவில்லை. நிராகரிக்கும்படி கேட்கிறேன்."

அந்த ஆளை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆதரிப்பவர்கள் என்று கப்டன் கேட்டார். ஒரு கை உயர்ந்தது. முன்வரிசையில், கேள்வி கேட்ட அதே ரீச்சருடைய கை. முழுக்கையும் நீட்டி, வகுப்பில் உயர்த்துவது போல. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எண்ணுகிறவர் கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வரும்வரைக்கும் அவர் கையை இறக்கவில்லை. பிறகு நிராகரிப்பவர்களைக் கேட்டபோது மண்டபமே உயர்ந்தது.

அவரைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். நன்றி என்றார். கூட்டம் முடிந்து, வழக்கம்போல வைனும் பாண் துண்டுகளும் வைத்தார்கள். ஒரு பெண் வந்து சீஸ் தட்டை அவரிடம் நீட்டி, எடுக்கச் சொன்னாள். அவர் ஒரு துண்டை எடுத்தார். நெடுநேரம் மென்றார். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. நாளைக்கும் இதே போலத்தான் வணக்கம் சொல்வார்கள் என்று தெரிந்தது.

வாசலில் கப்டன் எங்களைப் பிடித்தார். "நீங்கள் மேன்முறையீடு செய்யலாம்" என்றார் தாழ்ந்த குரலில். "கமிஷன் உங்களைச் சிபாரிசு செய்திருக்கிறது. பழைய சம்பவத்தில் வழக்கும் இல்லை. சட்டப்படி இந்த நிராகரிப்பு நிற்காது என்றுதான் நினைக்கிறேன்." மெம்பர் அவர் கையைக் குலுக்கினார்.

எனக்கு ஓல்டனுக்குப் பஸ் எடுக்கவேண்டும். தரிப்பிடம் வரைக்கும் கூட வந்தார். அங்கிருந்த மரவாங்கில் இருந்தோம்.

"ஆதரவா எத்தினை கை?" என்றார்.

"ஒண்டு."

"ஆர்?"

"கேள்வி கேட்ட ரீச்சர்."

"சரியா உயர்த்தினவவோ, இல்லாட்டி அரைவாசியோ?"

"முழுக்கை, அண்ணை. எல்லாரும் திரும்பிப் பாத்தவை. எண்ணி முடியும்வரைக்கும் இறக்கேல்லை."

"பாக்கப் பாக்க இறக்கேல்லை" என்று திருப்பிச் சொன்னார். இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் வைத்துக்கொண்டார். "அண்டைக்கு முகாமில ஒருத்தன் கையை மடியில வைச்சுக்கொண்டிருந்தவன், தம்பி. எல்லாரும் உயர்த்தியாச்சு, அவன் மட்டும் உயர்த்தேல்லை. நான் அவனைப் பாத்தனான். ஒண்டும் சொல்லேல்லை. பாத்துக்கொண்டு நிண்டனான். அவன் உயர்த்தும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மலைக்கு மேலே எங்கேயோ மாட்டு மணி ஒன்று கேட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கப்டனே சொல்லுறார், அண்ணை. மேன்முறையீடு செய்யுங்கோ. நல்ல வக்கீலா நான் பாக்கிறன்."

"செய்தால் தந்திடுவாங்கள்."

"அதுக்குத்தானே அண்ணை!"

"தந்திட்டால்?" என்றார். என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி. "தந்திட்டால், பிறகு நான் அந்த மண்டபத்துக்குள்ள போயிருந்து, கையை உயர்த்தவேணுமல்லோ."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் ஏறினேன்.